திர்ஸா ரொடாவின் ஆறாவது உள்ளங்கி

கப்பலேறுவோர் விடுதி, பிளிமத்
1855 மே 16, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க பிலிப்பா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் ஹெஸ்டர் எழுதுவது.

நேற்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். ஆறு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதை நான் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டியிருக்காது, ஒரு பெண் இந்நேரம் சமையலறையில் உட்கார்ந்து டர்னிப் தோல் சீவிக்கொண்டிருக்கவும் மாட்டாள்.

முறைப்படி நலம் விசாரித்துவிட்டல்லவா தொடங்கியிருக்க வேண்டும். விசாரிக்கிறேன். உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? பின்கட்டுக் கூரை ஒழுகுவது நின்றதா? புதிய போதகர் இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் பேசுகிறாரா, அல்லது இரண்டைத் தொட்டுவிட்டாரா? நான் நலம். இந்தக் கடிதத்தில் அமைதியாக எழுதப்போகும் கடைசி வாக்கியம் அதுதான்.

இதற்கு முன்னாலோ பின்னாலோ மிஸ்டர் வென்னிங்கிடமிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வரும். கையெழுத்து அழகாக இருக்கும், ஓரத்தில் அளந்தாற்போல் ஒன்றரை அங்குலம் விட்டிருப்பார். திங்கட்கிழமை வரை நான் அடக்கமான பெண்ணாக இருந்தேன் என்றும், செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு முன் அவரிடம் மரியாதையில்லாத ஒரு கேள்வி கேட்டேன் என்றும் அதில் எழுதியிருக்கும். கேட்டது உண்மை. இருபத்து நான்கு வருடமாக இந்தப் பெண் வாயைத் திறப்பதில்லையே என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். இப்போது திறந்துவிட்டாளே என்று அவர் வருத்தப்படுகிறார். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் என் கடிதத்தை முதலில் படியுங்கள்.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது நீங்கள். மிஸ்டர் வென்னிங்கின் காலஞ்சென்ற மனைவி உங்கள் தையல் வட்டத்தில் இருந்தார் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு வாங்கினீர்கள். நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் இங்கே என்ன நடக்கிறது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, நானும் எழுதியதில்லை. அரசாங்கச் செலவில் தென் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் கப்பல் புறப்படும்வரை இந்த விடுதியில் தங்குகிறார்கள். அவர்களை எண்ணுவதுதான் எங்கள் வேலை. தலையை எண்ணுகிறோம், பல்லை எண்ணுகிறோம், அம்மைத் தழும்பை எண்ணுகிறோம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் அரை ஆள். ஒரு வயது நிரம்பாத குழந்தை ஆளே இல்லை. போன மாதம் ஒரு தாய் கைக்குழந்தையை என் மேசையில் கிடத்தி, "இது ஆளில்லேன்னா ராத்திரி பூரா கத்துறது யாரு மிஸ்?" என்று கேட்டாள். பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை.

கல்யாணமாகாத பெண்களுக்கு விதிகள் இன்னும் நீளம். பதினெட்டுக்குக் கீழே கூடாது. முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. சாராயக் கடைக்காரர் கையெழுத்திட்ட நற்சான்று செல்லாது. உடன் கொண்டுபோக வேண்டியவை: உள்ளங்கி ஆறு, கம்பளிப் பாவாடை இரண்டு, காலுறை ஆறு ஜோடி, உறுதியான சப்பாத்து இரண்டு ஜோடி, மேலுடை இரண்டு, அதில் ஒன்று குளிருக்கு ஏற்றது. ஒன்று குறைந்தாலும் கப்பலில் இடமில்லை. விதியை எழுதிய லண்டன் ஆணையர்கள் நூறு நாள் கடலில் உப்புத் தண்ணீரில் துவைத்துப் பார்த்துவிட்டு எழுதினார்களா என்று தெரியவில்லை. நல்ல எண்ணத்தில் எழுதியிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்கிறேன். 'லேடி ஆர்மினெல்' வியாழக்கிழமை, அதாவது நாளை, புறப்படுகிறது. அதில் செயின்ட் ஜஸ்ட் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர். எல்லாரும் சுரங்கக்காரர் வீட்டுப் பெண்கள், மெதடிஸ்ட் சேப்பலில் வளர்ந்தவர்கள், ஆளுக்கு ஒரே பெட்டி. பெட்டிகளில் இரண்டு வகை உண்டு, அத்தை. 'பயணத்தில் வேண்டும்' என்று வர்ணத்தில் எழுதினால் பெட்டி படுக்கைக்கு அருகே போகும். 'பயணத்தில் வேண்டாம்' என்று எழுதினால் கப்பலின் அடியில் இறங்கிவிடும், அடிலெய்டு போய்ச் சேரும்வரை திறக்க முடியாது. எழுதுகிறவர் டோசர், எங்கள் சுமைக்காரர். ஒரு கையில் வர்ண டப்பா, மறு கையில் தூரிகை. வழக்கமாக உடைச் சோதனை முடிந்த பிறகுதான் எழுதுவார். நேற்று கடல்மட்டம் சீக்கிரமே ஏறிவிட்டது என்று சரக்குப் படகு முன்னதாக வந்துவிட்டது. மிஸ்டர் வென்னிங் கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பெட்டிகளை முதலில் ஏற்றச் சொன்னார். நான் அப்போது மாடியில் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே அடுத்து நடந்ததைக் அவர்களில் ஒருத்தியான கெசையா பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் எழுதுகிறேன்.

டோசர் வரிசையில் முதல் பெண்ணிடம் போய்ப் பெட்டியைக் காலால் தட்டி, "வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேட்டார். எது வேண்டும், எங்கே வேண்டும், வேண்டாம் என்றால் என்ன ஆகும், ஒன்றும் சொல்லவில்லை. அத்தை, இங்கே கொஞ்சம் உங்களையும் குற்றம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒன்றை நீட்டி வேண்டுமா என்று கேட்டால் நம் ஊர்ப் பெண் என்ன சொல்வாள்? எனக்கு ஆறு வயதில் நீங்களே கற்றுக் கொடுத்தீர்கள். குங்குமப்பூக் கேக் தட்டு வந்தால் முதல் முறை "வேண்டாங்க, பரவாயில்லை." இரண்டாம் முறை "ஐயோ, எதுக்குங்க?" மூன்றாம் முறை கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓரத்தில் இருக்கும் சின்னத் துண்டு. கேட்டவுடன் கையை நீட்டுகிற பெண்ணுக்கு என்ன பெயர் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். செயின்ட் ஜஸ்டிலும் அத்தைகள் இருக்கிறார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்து, "வேண்டாங்க, பரவாயில்லை" என்றாள். அவர் இன்னொரு முறை கேட்பார் என்று காத்திருந்தாள். டோசர் டெவன்காரர். அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 'வேண்டாம்' என்று எழுதினார், அடுத்தவளிடம் போனார். அவளும் அதையே சொன்னாள், முதல் பெண்ணைவிடத் தான் பேராசைக்காரி என்று ஆகிவிடக் கூடாதே. இப்படியே பத்துப் பெட்டி. பதினோராவதாக நின்ற திர்ஸா ரொடா ஒருத்திதான் கேட்டவுடன், "வேணும்" என்றாள். அவளுக்கு வயது முப்பத்து நான்கு, பதினேழு வருடம் பிறர் வீடுகளில் வேலை செய்தவள். முதல் முறை வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்காத வீடுகள் உலகத்தில் உண்டு என்று அவளுக்குத் தெரியும். மற்றப் பத்துப் பேரும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்களாம்.

பத்து மணிக்குச் சோதனை. படகு போய்விட்டது. பத்துப் பெண்களின் அறுபது உள்ளங்கிகளும் கப்பலின் அடியில். மேலே ஒரு சுரங்கத்துக்கான இரும்புக் குழாய்கள் நாற்பது டன், அதற்கு மேலே யாரோ ஒரு நீதிபதியின் பியானோ.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. துவைக்கும் கூடத்தில் நீள மேசை. அதில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு பெண்ணும் தன் கட்டத்தில் உடைகளைப் பரப்பி வைத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும். பெண்களின் உள்ளுடைகளை ஆண் அதிகாரி பார்க்கக் கூடாது என்று ஒரு விதி. ஆண் அதிகாரி முன்னிலையில்தான் எண்ண வேண்டும் என்று இன்னொரு விதி. மிஸ்டர் வென்னிங் இரண்டையும் மீறாதவர். ஆகவே அவர் பட்டியலும் பேனாவுமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். நான் எண்ணிச் சொல்வேன். அவர் எழுதுவார். அந்தச் சுவரில் தென் ஆஸ்திரேலியாவின் வரைபடம் ஒன்று தொங்குகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அந்த நாட்டை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் பெண் முன்னால் ஆறு உள்ளங்கி இருந்தது. ஆறு என்றேன். மற்றவையும் சரி. இரண்டாவது பெண், ஆறு. நல்ல மொத்தத் துணி, அழுத்தமான தையல், சொந்தக் கைவேலை. மூன்றாவது பெண்ணிடம் கம்பளிப் பாவாடையை விரித்தபோது இடுப்புப் பட்டைக்குக் கீழே நீலத் துணியில் ஒரு ஒட்டு இருந்தது. முதல் பெண்ணிடமும் அதே இடத்தில் அதே நீல ஒட்டு இருந்ததே என்று நினைத்தேன். சரி, ஒரே ஊர், ஒரே துணி வாங்கியிருப்பார்கள். நான்காவது பெண்ணிடம் போகும்போது சும்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது பெண்ணின் கட்டம் காலி. உடைகள் எல்லாம் மேசைக்கு அடியில், பாவாடை மறைவில், கைக்குக் கை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது நான்காவது கட்டத்தில் மடிப்புக் கலையாமல் காத்திருந்தன. நான்காவது பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வாய் மட்டும் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது.

அத்தை, முற்றுகைக்கு உள்ளான நகரங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் இருநூறு வீரர்கள் மதில்மேல் திரும்பத் திரும்ப நடந்து இரண்டாயிரம் பேர் போலக் காட்டுவார்கள். படிக்கும்போது எதிரிப் படைத்தலைவன் இவ்வளவு முட்டாளா என்று தோன்றும். அவன் முட்டாளில்லை, என்னைப் போல எண்ணிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நான் எண்ணியபோதெல்லாம் என் கண்முன்னே ஆறு இருந்தது. ஆறு என்றேன். ஐந்தாவது, ஆறு. ஆறாவது, ஆறு. மிஸ்டர் வென்னிங் சுவரிடம், "செயின்ட் ஜஸ்ட்காரங்க ஒழுங்கானவங்க" என்றார். நான் பொய்யே சொல்லவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இருப்பதை எண்ணிச் சொல்கிறேன், யாருடையது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மனச்சாட்சி முழுவதும் சுத்தம். சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தேன்.

பத்தாவது கெசையா. பத்தொன்பது வயது. ஆறு என்று நான் சொல்லி முடித்த நேரத்தில் மிஸ்டர் வென்னிங்குக்கு இருமல் வந்தது. இருமினால் தோள் கொஞ்சம் திரும்பும். அவர் திரும்பிவிட்டார் என்று பயந்து அந்தப் பெண் கையில் இருந்த ஒரு உள்ளங்கியைச் சால்வைக்குள் திணித்துக்கொண்டாள், மரம் மாதிரி நின்றுவிட்டாள். மற்றவை எல்லாம் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டன. அந்த ஒன்று மட்டும் போகவில்லை.

பதினோராவது திர்ஸா ரொடா. அவ்வளவும் அவளுடைய துணி. அவளே நூற்று, அவளே தைத்து, பதினேழு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. பத்துப் பேருக்கு ஆறாக இருந்தது அவளிடம் திரும்பி வரும்போது ஐந்தாகிவிட்டது. நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். அவள் என்னைப் பார்த்தாள். 

"அஞ்சு" என்றேன்.

பேனா நின்றது. "அஞ்சா? இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க, மிஸ் நான்கிவெல்" என்றார் மிஸ்டர் வென்னிங், வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். அத்தை, பாருங்கள், எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது. டோசரிடம் அந்தப் பெண்களுக்குக் கிடைக்காதது. நான் என்ன செய்தேன் என்றால், நல்ல பெண்ணாக இன்னொரு தடவை எண்ணினேன்.

"அஞ்சுதான் சார்."

அவர் மையில் எழுதினார். மை உலர மணல் தூவினார். ஊதினார். 'தகுதியில்லை.'

திர்ஸா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெசையா வாயைத் திறக்கப் போனாள், திர்ஸா அவள் காலை நன்றாக மிதித்தாள், நான் பார்த்தேன். கெசையா உண்மையைச் சொன்னால் பத்துப் பேருக்கும் கப்பலில் இடம் போய்விடும், பெட்டி அடியில் இருக்கிறது என்பதை நிரூபிக்க நீதிபதியின் பியானோவைத் தூக்க வேண்டும். ஆகவே உடை இல்லாத பத்துப் பேர் தேர்வு, உடை இருந்த ஒருத்தி தள்ளுபடி. இதை அரசாங்கம் நிர்வாகம் என்று அழைக்கிறது.

பிறகு கிணற்றடியில் அவளிடம் போய் நின்றேன்.  அவளே சொன்னாள்: "நீங்க எண்ணினது சரிதான் மிஸ். அதுல ஒண்ணும் தப்பில்ல." பிறகு, "எண்ணத் தெரியாத மிஸ்ஸா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், அவ்வளவுதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஜூன் ஒன்பதாம் தேதி முப்பத்தைந்து முடிகிறது. அடுத்த கப்பல் ஜூன் இருபத்தைந்து. அதாவது இந்தக் கப்பல் இல்லையென்றால் எந்தக் கப்பலும் இல்லை. வேலை பார்த்த பண்ணையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். கட்டிலை விற்றுத்தான் செயின்ட் ஜஸ்டிலிருந்து இங்கே வந்தாள். தென் ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற சுரங்க ஊரில் தங்கை இருக்கிறாள், மூன்று குழந்தைகள், இரண்டு பசு, புருஷனுக்குச் சுரங்கத்தில் கால் போய்விட்டது. ஆறு வருடமாக வா வா என்று எழுதுகிறாள். 'நீ வந்தால் பால் வேலையை நீ பார், பிள்ளைகளை நான் பார்க்கிறேன்' என்று கடைசிக் கடிதத்தில் இருந்ததாம். திர்ஸாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன். அதன் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. வழக்கம்போல என்மேல் வராமல் மிஸ்டர் வென்னிங்மேல் வந்தது.

என் சொந்த உள்ளங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன், காகிதத்தில் சுற்றித்தான். ஆறாவது கிடைத்துவிட்டது சார் என்றேன். பொட்டலத்தைப் பார்த்து அவர் காது சிவந்தது. சோதனையின்போது கைவசம் இருக்க வேண்டும் என்பது விதி, சோதனை முடிந்துவிட்டது என்றார். மறு சோதனை வைக்கலாமே என்றேன். லண்டன் அனுமதி வேண்டும், கடிதம் போய்வர நான்கு நாள் ஆகும் என்றார். தந்தி கொடுக்கலாமே என்றேன். அத்தை, அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தந்தியிலா? அந்த வார்த்தையையா? பிளிமத்துல ரெண்டு குமாஸ்தா, பிரிஸ்டல்ல ஒருத்தன், லண்டன்ல எத்தனை பேரோ, எல்லாருமே ஆம்பளைங்க" என்றார். 'உடை' என்று பொதுவாகப் போடலாமே என்றேன். எந்த உடை என்று லண்டனிலிருந்து பதில் தந்தி வரும், அப்போது என்ன செய்வது என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் உங்களுக்கு எழுதும் கடிதத்தில் அதை முழுதாக எழுதக் கூச்சப்படுவார், நானே எழுதிவிடுகிறேன். "அஞ்சு உள்ளங்கியோட போற பொண்ணு தென் ஆஸ்திரேலியா போய்ச் சேர மாட்டான்னு எந்த டாக்டராவது எழுதிக் கொடுத்திருக்காரா சார்?"

இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினேன்.

மதியம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஓரம் விடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். ஓரம் விட்டு எழுதினேன். மூன்று பிரதி வேண்டும் என்றார். மூன்று பிரதி எழுதினேன். தேதி எழுத்தால் இருக்க வேண்டுமாம், எண்ணால் இருக்கிறதாம். இந்த விடுதிக்குள் வருவது கஷ்டம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெளியே போவது அதைவிடக் கஷ்டம். நான்காவது முறை எழுதியது என் மேசையில் இருக்கிறது, தேதி எழுத்தால், ஓரம் இரண்டு அங்குலம், எதற்கும் இருக்கட்டும் என்று.

அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். லஞ்சம் வாங்குகிறவராக இருந்தால் என் வெள்ளி ஊசிப்பெட்டியைக் கொடுத்து முடித்திருப்பேன். குடிகாரராக இருந்தால் காத்திருந்து கையெழுத்து வாங்கியிருப்பேன். அவர் குளிர்காலத்தில் தன் கம்பளியைக் குழந்தைகள் அறைக்குக் கொடுத்துவிட்டு மேலங்கியைப் போர்த்திக்கொண்டு படுப்பவர். வெளியே சொல்ல மாட்டார், துவைக்கிற பெண் எனக்குச் சொன்னாள். இப்படிப்பட்ட மனிதரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? போட்டேன், ஆனால் முழு மனதாகப் போட முடியவில்லை, அந்தக் குறைக்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், இது உங்களோடு இருக்கட்டும். டோசரைத் திட்டினேன், ஆணையர்களைத் திட்டினேன், கடலைத் திட்டினேன், உங்களையும் கேக் தட்டையும் திட்டினேன். அவளைக் கப்பலிலிருந்து இறக்கியது இவர்கள் யாருமில்லை. பத்து முறை நான் சொன்ன எண் சரி, ஆனால் நான்காவது பெண்ணிலிருந்தே அது உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது, அப்போதெல்லாம் நாக்குத் தடுமாறவில்லை. உண்மையிலேயே ஆறு உள்ளங்கி வைத்திருந்த ஒரே பெண்ணிடம் வந்ததும் எனக்கு நேர்மை வந்துவிட்டது. பொய் சொல்லாத பெண் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அதை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நேற்றுத்தான் பார்த்தேன். முதல் நாளே தெரிந்திருந்தால் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன்.

ஆகவே என் தீர்மானங்கள். சனிக்கிழமை வண்டியில் ட்ரூரோ வருகிறேன், நிரந்தரமாக. இனி வாழ்நாளில் யாரையும் எதையும் எண்ண மாட்டேன், உங்கள் கோழிகள் உட்பட. மிஸ்டர் வென்னிங்கோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவருக்கு நீங்கள் அனுப்பும் வாத்தை இந்த வருடம் நிறுத்திவிடுங்கள். யாராவது பெண்ணுக்கு இந்த விடுதியில் வேலை கேட்டு உங்களிடம் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். திர்ஸா ரொடாவையும் கூடவே அழைத்து வருகிறேன், உங்களுக்கு வேலைக்காரி தேவையில்லை என்று தெரியும், இருந்தாலும் அழைத்து வருகிறேன். அவளிடம் இதைச் சொன்னேன். "உங்க அத்தை வீட்ல பசு இருக்கா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை, கோழிதான் என்றேன். "கோழி" என்றாள். அடுத்த டர்னிப்பை எடுத்தாள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள். கூரைக்காரனை நம்பாதீர்கள். ஆண்டவர் உங்களை எல்லாத் தீமையிலிருந்தும், எல்லா விதிப்புத்தகங்களிலிருந்தும் விலக்கிக் காப்பாராக. பக்கத்து வீட்டு மிஸஸ் ட்ரூவனுக்கும் அவர் தங்கைக்கும் என் வணக்கம், இதில் எழுதியிருப்பதில் பாதியை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் பாசத்துக்குரிய,
ஹெஸ்டர் நான்கிவெல்

பி.கு. வெள்ளிக்கிழமை. இதைத் தபாலில் சேர்க்க நேரம் கிடைக்கவில்லை. மேலே இருப்பதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவும் நேரமில்லை, ஆகவே தயவுசெய்து படித்ததை மறந்துவிடுங்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்யாணமாகாத பெண்களைக் கண்காணித்துக்கொண்டு கப்பலில் உடன்போக நியமிக்கப்பட்ட மேட்ரன், பாத் நகரத்து மிஸஸ் புல்டீல், பெண்கள் தங்கும் அறையைப் பார்க்கக் கீழே இறங்கினார். ஏழு பத்துக்கு மேலே வந்தார். ஏழரைக்கு ஊருக்கு வண்டி ஏறிவிட்டார். மேட்ரன் இல்லாமல் கல்யாணமாகாத பெண்களை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்படக் கூடாது. அறுபத்திரண்டு பேர் துறையில் நிற்கிறார்கள், கப்பல்காரர் கத்துகிறார். மிஸ்டர் வென்னிங் என் அறை வாசலில் வந்து நின்று, நான் போக முடியுமா என்று கேட்டார். நான் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, டோசர், நீல ஒட்டு, பத்து முறை ஆறு, எல்லாம். என்னை வேலையிலிருந்து நீக்கட்டும், ஆனால் திர்ஸா ரொடாவை மேட்ரனாக அனுப்பட்டும் என்றேன். மேட்ரனின் உடையை யாரும் எண்ணுவதில்லை என்றும் சொன்னேன்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன், மிஸ் நான்கிவெல். சுவத்தைப் பத்தி மட்டும்தான் என்னால சாட்சி சொல்ல முடியும்" என்றார். விதிப்புத்தகத்தை எடுத்து மேட்ரனுக்கான பக்கத்தைத் தேடினார். முப்பது வயதுக்கு மேற்பட்டவர், நிதானமுள்ளவர், தேவையில்லாமல் பேசாதவர் என்று இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தார். "தேவையில்லாம பேசாதவங்க" என்று மூன்றாவது முறையும் வாசித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு அவரே போனார்.

வாத்தை நிறுத்த வேண்டாம். நான் சனிக்கிழமை வரவில்லை, திங்கட்கிழமை விடுதிக்குப் புதிதாக நூற்றுப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், எண்ண ஆள் வேண்டும். 'லேடி ஆர்மினெல்' வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டது. திர்ஸா ரொடா அதில் மேட்ரன்.